மொட்டைக் காரின் குறைகள்

"ஒரு கோட் பெயிண்ட் அடிச்சுட்டா போதும், கண்ணாடி மாதிரி ஆயிடும்" என்று அண்ணன் ஃபோனில் சொன்னபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருடங்களாக நான் இன்ஷூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எங்கே அடி, எப்படி அடி, சொந்தக்காரர் சொல்வது நிஜமா புளுகா என்று எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. நின்றுகொண்டிருந்த வண்டியை யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று கண்ணீர் விட்டவர்களை எல்லாம் பார்த்தாயிற்று. என்னிடம் வந்து பெயிண்ட் மகிமையைப் பேசுகிறான்.

"வாங்கறவர் பெயிண்டே அடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்றேன்.

"சொல்வார். நேர்ல பளபளன்னு நின்னா வேண்டாம்னா சொல்லப்போறார்?"

"வேண்டாம்னுதான் சொல்வார். அதுக்குத்தான் முன்கூட்டியே சொல்லியிருக்கார். உனக்குக் காது கேக்குதா இல்லையா?"

அண்ணன் கப்பல் கேப்டன். நடுக்கடலில் முப்பது பேர் அவன் சொன்னதற்கு மறுபேச்சுப் பேச மாட்டார்கள். கரையில் நான் ஒருத்திதான் பேசுகிறேன் என்பதில் அவனுக்கு எப்போதும் ஒரு வருத்தம் உண்டு. "சரி, உன் இஷ்டம். நான் ஞாயித்துக்கிழமை வரேன்" என்று வைத்துவிட்டான்.

வாங்க இருந்தவர் ஒரு பல் டாக்டர். பழைய கார்களின் மேல் பித்துப் பிடித்தவர். வீட்டில் நாலு வண்டி வைத்திருக்கிறார், ஐந்தாவதாக எங்களுடையதைக் கேட்டார். "தொடாத வண்டியா இருக்கணும் மேடம். ஒரு போல்ட்டைக்கூட மாத்தியிருக்கக் கூடாது. என்னென்ன குறையோ ஒண்ணுவிடாம எழுதிக் குடுங்க. சொத்தையை மூடி மேல பூசி அனுப்புற ஆளுங்களைத் தினமும் பார்க்கறேன், எனக்கு அது ஆகாது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

எங்கள் வீட்டில் அந்த வண்டிக்குப் பெயர் மொட்டைக் கார். கூரை துணியால் ஆனது. இரண்டு கொக்கியைக் கழற்றிப் பின்னால் மடக்கினால் வண்டி மொட்டையாகிவிடும். நான் பிறப்பதற்கு முன்பே அப்பா வாங்கியது. வாங்கியவர் அப்பாவானாலும் நன்றாக ஓட்டியது அம்மாதான். அம்மா நாலடி பத்தங்குலம். சீட்டைக் கடைசிவரை முன்னால் இழுத்து, முதுகுக்குப் பின்னால் பச்சைக் கோடு போட்ட தலையணை ஒன்றையும் செருகிக்கொண்டு உட்காருவாள். பள்ளிக்கூட வாசலில் மற்ற அம்மாக்கள் எல்லாம் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அப்போது எனக்குத் தலைகால் புரியாது.

அதெல்லாம் எனக்குப் பதினொரு வயது ஆகும்வரைதான். ஒரு நாள் பின் சீட்டில் தூங்கிப்போனவள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் விழித்தேன். இடது காலில் இடுப்புவரை மாவுக்கட்டு. அம்மா வண்டியைப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதிவிட்டாள் என்று அப்பா சொன்னார். பதினேழு வயது அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தான். நெற்றியில் ஏழு தையலோடு அம்மா கட்டிலருகே வந்து, கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் கால்விரல்களைப் பிடித்தாள். "தொடாதே! உன்னாலதான்!" என்று கத்தினேன். கையை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் என் காலைத் தொடுவதையே விட்டுவிட்டாள். கால் ஒரு அங்குலம் குட்டையாகிவிட்டது. முப்பத்து நாலு வருடமாக விந்தி விந்தித்தான் நடக்கிறேன். முப்பத்து நாலு வருடமாக அதற்கு அம்மாவின் மேல் கறுவிக்கொண்டும் இருந்தேன். வாயால் சொல்லாவிட்டாலும் கால் ஒத்தடத்துக்கு அவள் ஊற்றித் தரும் வெந்நீரை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வேன்.

அப்பா வண்டியைக் கொல்லைப்புறத்து ஷெட்டில் போட்டார். அம்மாவின் லைசென்ஸைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அதற்கப்புறம் அவள் பஸ்ஸில்தான் போனாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா ஷெட்டுக்குக் கூட்டிப்போய், நசுங்கிய முன்பக்கத்தைத் தட்டிக்காட்டி, "எங்க வீட்டம்மா கைவண்ணம்! பாலம் ஒதுங்கிப் போகும்னு நினைச்சுட்டா!" என்பார். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அம்மா ஷெட் வாசலில் காபித் தட்டோடு நிற்பாள். பால் பொங்கினால் "பிரேக்கைப் பிடி!", கையிலிருந்து கரண்டி விழுந்தால் "ஸ்டியரிங்கை விட்டுட்டியா?" என்று எதற்கெடுத்தாலும் அதே பாட்டு. நாங்களும் சிரித்தோம். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அண்ணன்தான்.

இரண்டு முறை அப்பா வண்டியைச் சரிபண்ண ஆள் கூட்டிவந்தார். இரண்டு முறையும் அம்மா ஷெட் வாசலில் மறித்து நின்று ஆளைத் திருப்பி அனுப்பினாள். "அது அப்படியே இருக்கட்டும்" என்பாள். மற்ற எதற்கும் வாயைத் திறக்காதவள் அதற்கு மட்டும் மல்லுக்கு நிற்பது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. அப்பா அதையும் ஜோக்காக்கினார். போன வருடம் அவர் போய்ச் சேர்ந்தார். வண்டியை விற்றுவிடலாமா என்று கேட்டபோது அம்மா உடனே சரி என்றாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "குறையெல்லாம் நீயே பார்த்து எழுது. வேற யாரும் வேண்டாம்."

சனிக்கிழமை காலையில் ஷெட்டைத் திறந்தேன். உண்மையைச் சொன்னால், விபத்துக்குப் பிறகு நானாக அந்த வண்டிப் பக்கம் போனதே இல்லை. அப்பா விருந்தாளிகளைக் கூட்டிப்போகும்போது நானும் கூடவே ஒரு காட்சிப்பொருள். "இவ கால்தான் மிச்சம்" என்று என்னையும் சேர்த்துக் காட்டுவார். அதனால் ஷெட்டைக் கண்டாலே ஒதுங்கிப் போவேன்.

வேலை என்று இறங்கிவிட்டால் எனக்கு அதெல்லாம் கிடையாது. தார்ப்பாயை இழுத்துப் போட்டேன், தூசி கண்ணை மறைத்தது. டார்ச், டேப், கேமரா, என் வழக்கமான படிவம். எழுத ஆரம்பித்தேன்.

கூரைத் துணி: எலிகள் தின்றது போக மீதி உள்ளது. கூரைச் சட்டம்: மடங்கும், பிறகு நிமிராது. முன் இடது மட்கார்டு: நசுங்கி டயரில் முட்டுகிறது. ரேடியேட்டர்: பெயரளவில் உண்டு. தரைத் தகடு: ஓட்டை வழியாகத் தரை தெரிகிறது, தரை நன்றாக இருக்கிறது. டிக்கி: ஸ்டெப்னி ஒன்று, ஜாக்கி ஒன்று, தலையணை ஒன்று (பச்சைக் கோடு).

தலையணையைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றேன். பிறகு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

அம்மா டீ கொண்டுவந்தாள். வாசலுக்குள் கால் வைக்கவில்லை. வெளியிலிருந்தே கையை நீட்டிக் கொடுத்தாள்.

"சீட்டெல்லாம் பார்த்தியா?" என்றாள்.

"வரிசையா வரேன்மா. அவசரப்படுத்தாதே."

"அவசரம் ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன். நானும் குள்ளம்தான், அம்மாவைவிட இரண்டு அங்குலம் கூட. கால் கிளட்சுக்கு எட்டவில்லை. சீட்டை முன்னால் இழுக்க லீவரைப் பிடித்தேன். அசையவில்லை. ஓங்கி இழுத்தேன், ம்ஹூம். துருவாக இருக்கும் என்று நினைத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தரையில் படுத்து சீட்டுக்கு அடியில் பார்த்தேன்.

துரு இல்லை. அந்தக் காலத்து சீட்டுகள் இரண்டு தண்டவாளத்தின் மேல் நகரும். தண்டவாளத்தில் எட்டுத் துளைகள். லீவரை விட்டால் சுண்டுவிரல் தடிமனில் ஒரு இரும்பு முள் ஏதாவது ஒரு துளைக்குள் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். குள்ளமானவர்களுக்கு முதல் துளை, நெட்டையானவர்களுக்குக் கடைசித் துளை. இங்கே முள் கடைசித் துளையில் இருந்தது. மோதியதில் தரைத் தகடு நெளிந்து, தண்டவாளமும் கூடவே வளைந்து, அந்த முள்ளைக் கவ்விப் பிடித்திருந்தது. முள்ளைச் சுற்றி இரும்பு பிதுங்கியிருந்தது. முள் துளைக்குள் இருக்கும்போதுதான் அப்படிப் பிதுங்கும். மோதிய பிறகு யாரும் அந்த சீட்டை நகர்த்தியிருக்க முடியாது, நகர்த்தவும் இல்லை. மோதிய நொடியில் சீட் எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கிறது.

வேறொருவரின் வண்டியாக இருந்தால் இரண்டு நிமிடத்தில் எழுதிவிட்டு எழுந்திருப்பேன். அங்கேயே படுத்துக்கிடந்தேன். பிறகு டேப்பை எடுத்து அளந்தேன், மறுபடி அளந்தேன். அந்த சீட்டில் உட்கார்ந்து கிளட்சை முழுக்க மிதிக்க வேண்டுமானால் ஆறடி ஆள் வேண்டும். அம்மா அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தால் அவளுடைய கால் வெறும் காற்றில்தான் ஆடியிருக்கும். தலையணை டிக்கியில் கிடந்தது. அதைத் தேவையில்லை என்று எடுத்துப் போட்டுவிட்டு ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அன்றைக்கு வண்டியில் இருந்தது அம்மா, அப்போதே ஆறடி வளர்ந்திருந்த அண்ணன், நான், மூன்று பேர்தான். நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

சமையலறைக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யாரு ஓட்டினது?"

அவள் நிமிரவில்லை. "பார்க்கப் போனது நீ. என்ன பார்த்தியோ அதை எழுது."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு! யாரும்மா ஓட்டினது?"

"உங்கப்பாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். என் வாயால சொல்ல மாட்டேன்."

"அவர் செத்து ஒரு வருஷம் ஆச்சு!"

"வாக்குக் குடுத்தவ உயிரோடதானே இருக்கேன்" என்றாள். கீரைத் தண்டைப் பட்டென்று ஒடித்தாள்.  

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுக்க நினைவில்லை. இத்தனை வருடம் பஸ்ஸில் நசுங்கினாயே, அந்த மனுஷன் ஊரைக் கூட்டிச் சிரித்தபோது தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, உனக்கு மானம் ரோஷம் எதுவும் கிடையாதா என்றெல்லாம் கேட்டேன். பாவி, அதையும் அவளிடமே கேட்டேன். அவள் கீரையை அள்ளிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

படிவத்தில் எழுதினேன். ஓட்டுநர் இருக்கை: கடைசித் துளையில் சிக்கியுள்ளது. விபத்தின்போதே அந்நிலையில் இருந்தது. உயரமானவர் ஓட்டியிருக்க வேண்டும். கடைசியில், என் படிவத்தில் எப்போதும் உள்ள ஒரு வரி வந்தது. விபத்து நேரத்தில் வண்டியை ஓட்டியவர். அதை வெறுமையாக விட்டேன். டாக்டருக்கும் அண்ணனுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினேன்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அண்ணன் கூப்பிட்டான். கப்பலில் இருக்கும்போது அம்மாவின் பிறந்தநாளுக்கு அவன் கூப்பிட மூன்று நாளாகும்.

"அந்த சீட்டு வரியை எடுத்துடு. அனாவசியமா விலை குறையும்."

"எலி தின்ன கூரைக்குக் குறையாதது, சீட்டு நகரலைன்னா குறையுமா?"

"உயரமானவர் அது இதுன்னு நீ எதுக்கு எழுதணும்? வண்டியோட குறையை மட்டும் எழுது."

"அதைத்தான் எழுதியிருக்கேன். இந்த வண்டியில இருக்கிறதுலயே பெரிய குறை அதுதான்."

 அவன் குரல் மாறியது. "எனக்குப் பதினேழு வயசு. லைசென்ஸ் கிடையாது. கப்பல் காலேஜ்ல சீட் கிடைச்சு ஒரு வாரம்தான் ஆச்சு. கேஸுன்னு வந்திருந்தா எல்லாம் போச்சு. அப்பாதான் முடிவு பண்ணினார். என்னை யாரு கேட்டா?"

"சரி, அப்ப பதினேழு. அப்புறம் இருபத்தேழு ஆகலையா? முப்பத்தேழு ஆகலையா? அப்பா ஜோக்கடிச்சப்போ சிரிக்காம இருக்கவாவது தெரியலையா உனக்கு?"

"இங்க பாரு. அம்மாவே கோபப்படலை. உனக்கு என்ன வந்தது?"

ஃபோனைச் சுவரில் அடிக்காமல் வைத்ததே பெரிய விஷயம். அம்மாவே கோபப்படலையாம். அவள் கோபப்பட இந்த வீட்டில் யார் இடம் விட்டார்கள்? அப்பா மேல் எரிந்தது, அண்ணன் மேல் எரிந்தது, அதற்குப் பிறகு எங்கே சுற்றினாலும் என் மேலேயே வந்து நின்றது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கத்திய பதினொரு வயதுப் பெண்ணை மன்னித்துவிடலாம். அதே கத்தலை நாற்பத்தைந்து வயதுவரை அடைகாத்தவளை என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் பதினோரு மணிக்கு வருவதாக இருந்தார். அண்ணன் ஒன்பதரைக்கே வந்துவிட்டான். தனியாக வரவில்லை. கூட நசுங்கிய தகட்டை நிமிர்த்தும் ஒரு டிங்கர், கையில் கேஸ் கட்டர், சுத்தியல், நெம்புகோல் எல்லாம் இருந்தன.

"இது எதுக்கு?" என்றேன்.

"சீட்டு நகரலைன்னு எழுதியிருக்கே. நகர்த்திக் குடுத்துடலாம். குறை தீர்ந்தது" என்றான், ஏதோ எனக்கு உதவி செய்கிற மாதிரி.

"ஒரு போல்ட்டைத் தொட்டே, நடக்கறதே வேற."

"வண்டி உன் பேர்ல இல்லை. அம்மா பேர்ல இருக்கு."

டிங்கருக்கு எங்கள் சண்டையில் அக்கறை இல்லை. பீடியை அணைத்துவிட்டு சீட்டுக்கு அடியில் தலையை விட்டார். வெள்ளந்தி மனுஷன். உள்ளேயிருந்தே சத்தமாகச் சொன்னார். "சார், இது சும்மா மாட்டிக்கலை. ஆள் உட்கார்ந்திருக்கும்போதே வளைஞ்சிருக்கு. ஓட்டினவரு நல்ல ஒசரம் சார். உங்க ஒசரம் இருக்கும்."

அண்ணனின் முகம் செத்துப்போனது. "பேசாம அறுங்க" என்றான்.

நான் கட்டரின் குழாயைப் பிடித்து இழுக்கப் போனேன். அதற்குள் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. முப்பத்து நாலு வருடமாக ஷெட்டுக்குள் கால் வைக்காத அம்மா உள்ளே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. வண்டிக் கதவை இழுத்தாள், கீல் கீச்சென்று அலறியது. "கொஞ்சம் தள்ளிக்கோங்கப்பா" என்று டிங்கரிடம் சொன்னாள். அவர் பதறி எழுந்தார். அவள் சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள். முதுகு சாய்ந்ததும் இரண்டு கால்களும் தரையை விட்டு மேலே வந்துவிட்டன. கிளட்சுக்கும் அவளுடைய செருப்புக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது.

"இப்ப அறு" என்றாள் அண்ணனைப் பார்த்து.

"அம்மா, இறங்கு. என்ன இது, சின்னப் பிள்ளை மாதிரி?"

"சின்னப் பிள்ளைன்னுதான் அன்னிக்கு விட்டேன். அறுக்கறதா இருந்தா என்னையும் சேர்த்து அறு."

டிங்கர் கட்டரை அணைத்துச் சுவரோரம் வைத்துவிட்டார். "எனக்கு வேற வேலை இருக்கு சார்" என்றார், ஆனால் போகவில்லை. இந்த மாதிரி இடத்தில் யார்தான் போவார்கள்?

அண்ணன் கெஞ்சினான், அதட்டினான், என்னைத் திட்டினான். "எல்லாம் உன்னால. கிளறிவிட்டது நீ" என்றான். அம்மா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவன் நிறுத்தும்வரை காத்திருந்தாள். அப்படியே ஒரு மணி நேரம் இருந்திருக்கும். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள், இறங்கவில்லை.

டாக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். கையில் என் அறிக்கையை அச்செடுத்து வைத்திருந்தார், பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் கோடு. ஷெட்டுக்குள் வந்தவர், வண்டிக்குள் ஒரு பெரியம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வணக்கம் சொன்னார். பிறகு குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தார், அவளுடைய கால்களைப் பார்த்தார்.

"அம்மா, கிளட்ச் எட்டுதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எட்டலை டாக்டர்" என்றாள். "அன்னிக்கும் எட்டியிருக்காது. ஓட்டிப் பார்க்கறேன்னு கெஞ்சினான், சாவியைக் குடுத்தேன். குடுத்தது என் தப்பு, அதை எங்க வேணாலும் ஒத்துக்கறேன். ஓட்டினது நான் இல்லை."

அவ்வளவுதான். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு அந்த இடத்தில் தீர்ந்தது. யார் என்று அவள் பெயர் சொல்லவில்லை. ஷெட்டுக்குள் ஆறடிக்கு மேல் இருந்தது ஒரே ஆள்தான். டிங்கர்கூட அவனைத்தான் பார்த்தார்.

டாக்டர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "மேடம், எல்லாம் பிரமாதமா எழுதியிருக்கீங்க. இந்த ஒரு வரி மட்டும் காலியா இருக்கு." விபத்து நேரத்தில் வண்டியை ஓட்டியவர்.

நான் பேனாவை எடுத்தேன். எழுதத் துடித்தேன், அழுத்தி, காகிதம் கிழிகிற மாதிரி.

"நீ எழுதாதே" என்றாள் அம்மா. "அவன்கிட்ட குடு."

"அம்மா..." என்றான் அண்ணன்.

"எழுதிட்டுப் போ. நான் இறங்கணுமா வேண்டாமா?"

அவன் என் கையிலிருந்து பேனாவை வாங்கினான். நசுங்கிய மட்கார்டின் மேல் காகிதத்தை வைத்துத் தன் பெயரை எழுதினான். ஐம்பத்தொரு வயது கேப்டனின் கையெழுத்து பரீட்சைக்குப் படிக்காமல் வந்த பையனுடையது மாதிரி கோணிக்கொண்டு போனது. எனக்குப் பரிதாபமே வரவில்லை. வரவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அம்மா இறங்கினாள். நேரே டிக்கிக்குப் போய், எலி கடித்துப் பஞ்சு பிதுங்கிய தலையணையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "இது உன்னுது. எடுத்துப் போட்டது நீதானே" என்றாள். அவன் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றான், பிறகு அதோடேயே காரில் ஏறிப் போய்விட்டான். சாப்பிடக்கூட நிற்கவில்லை. யாரும் நிற்கச் சொல்லவும் இல்லை.

டாக்டர் சொன்ன விலையில் ஒரு பைசா குறைக்கவில்லை. "சீட்டை நான் தொட மாட்டேம்மா" என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார். மூன்று மணிக்கு லாரி வந்து மொட்டைக் காரை இழுத்துப் போட்டுக்கொண்டு போனது. ஷெட்டில் எண்ணெய்க் கறையும் நாலு செங்கல்லும்தான் மிச்சம்.

நானும் அம்மாவும் ஷெட் வாசற்படியில் உட்கார்ந்தோம். எனக்கு ஆத்திரம் இன்னும் தணியவில்லை. அப்பாவை, அண்ணனை, அந்த விருந்தாளிகளை, ஒவ்வொருவராக இழுத்துப் போட்டுத் திட்டினேன். "ஒரு தடவையாவது வாயைத் திறந்து என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதாம்மா? என்கிட்ட மட்டுமாவது?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. காபித் தட்டோடு நின்ற முகமே இல்லை அது.

"நீ இந்த வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு நான் என்ன நினைச்சேன் தெரியுமா? இனிமே என் வாக்கு எப்படியும் போகட்டும், இவளே பார்த்துடுவான்னு நினைச்சேன். சரிபண்ண வந்தவனை ரெண்டு தடவை விரட்டினேனே, யாருக்காக? உனக்காகத்தான் அதை அப்படியே வெச்சிருந்தேன். இருபத்திரண்டு வருஷம். ஊர்ல அடிபட்ட வண்டிக்கு எல்லாம் அடியில படுத்து, எவன் பொய் சொல்றான்னு கண்டுபிடிச்சே. வீட்டுக் கொல்லையில கிடந்ததுக்கு ஒரு தடவை குனியலை. என்னைப் பத்தின பேச்சுன்னா மட்டும் உனக்கு யார் சொன்னாலும் நிஜம், இல்லை?"

   படியில் மடக்கி வைத்திருந்த இடது கால் விண்விண்ணென்று தெறித்தது. நேற்று தரையில் படுத்துப் புரண்டதற்கு அது கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்தது. அந்தக் காலைப் பற்றி முப்பத்து நாலு வருடமாக அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"கால் வலிக்குதும்மா" என்றேன்.

"வலிக்கட்டும்" என்றாள் அம்மா. குரலில் கோபம் அப்படியே இருந்தது.  பிறகு என்னைக் கேட்காமலே காலைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டு அழுத்த ஆரம்பித்தாள்.